ஒரே பெட்டியில் இரண்டு குடித்தனம்

பாப்பா, தம்பி, இதை உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஆனால் முக்கால்வாசி பாப்பாவுக்கு. தம்பி அதற்காகக் கோபித்துக்கொள்ள வேண்டாம். கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் எங்கேயாவது தப்பாகச் சொல்லியிருந்தால் அதை மட்டும் நீ திருத்து. மற்றதை இருக்கிறபடி விட்டுவிடு.

எனக்கு எழுதிப் பழக்கமே கிடையாது என்று சொல்ல முடியாது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்த நாளிலிருந்து தினமும் எழுதுகிறேன். ஆனால் எல்லாம் லாக் புத்தகத்தில். "மூன்றாம் நம்பர் மோட்டார் சூடு. பேரிங் மாற்றப்பட்டது. ஓட்டிப் பார்த்ததில் சரி." அவ்வளவுதான். எனக்கு எப்படி இருந்தது என்று எழுத அதில் கட்டம் இல்லை. இதையும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பழுது என்ன, எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்று இரண்டு வரி. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. அதனால் மறுபடி முதலிலிருந்து எழுதுகிறேன்.

உங்கள் அம்மா ஓசூருக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. தம்பியும் மருமகளும் வேலைக்குப் போக வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று போனாள். ஒரு மாதம் என்றுதான் பையை எடுத்தாள். நான் குறை சொல்லவில்லை. குழந்தை அவள் கையால் ஊட்டினால்தான் வாயைத் திறக்கிறானாம். எனக்கு ரிட்டையர் ஆக இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. மீஞ்சூரை விட்டு நான் எங்கே போவது?

ஆள் இல்லாத வீட்டில் சத்தம் போடுகிற சாமான் மூன்றுதான். ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், பாப்பாவின் அறையில் இருக்கிற கம்ப்யூட்டர். ஃபிரிட்ஜ் நின்று நின்று ஓடும். மோட்டாரை நான் போட்டால்தான் ஓடும். கம்ப்யூட்டர் ஒன்றுதான் நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்காமல் ஓடுவது. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் அதன் ஃபேன் சத்தம் கேட்கும். செருப்பைக் கழற்றிக்கொண்டே "வந்துட்டேன்" என்று சொல்லிவிடுவேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பெட்டியைத் தம்பிதான் பாகம் பாகமாக வாங்கி மாட்டினான், வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்த காலத்தில். ஓசூருக்குப் போகும்போது தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. அதற்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டான்.

"அப்பா, இங்க பாருங்க. இப்ப இது ஒரு கம்ப்யூட்டர் இல்ல. ரெண்டு."

"பொட்டி ஒண்ணுதானேடா கீது."

"பொட்டி ஒண்ணுதான். கீழ் போர்ஷன்ல ஒரு குடித்தனம், மாடி போர்ஷன்ல ஒரு குடித்தனம்னு வெச்சிக்குங்க. கீழ இருக்கறது சர்வர். நம்ம ஊட்டு போட்டோ, வீடியோ, சர்டிபிகேட்டு எல்லாம் அதுங்கிட்ட. நாங்க எந்த ஊர்ல இருந்தாலும் போன்லயே அதைத் தொறந்து பாப்போம். அது தூங்கவே கூடாது. மாடில இருக்கறது டெஸ்க்டாப். அக்கா படிக்கறதுக்கு, நீங்க நியூஸ் பாக்கறதுக்கு. அதை எப்ப வேணா போடலாம், எப்ப வேணா நிறுத்தலாம். மாடில இருக்கறவங்க ஊருக்குப் போனா கீழ இருக்கறவங்களுக்கு இன்னா?"

எனக்கு அது என் வழியில் புரிந்தது. மெயின் ஒன்று, அதிலிருந்து இரண்டு லைன். ஒன்றை நிறுத்தினால் மற்றது ஓடும்.

"அப்ப மெயினையே நிறுத்திட்டா?"

"ரெண்டு குடித்தனமும் தெருவுக்கு வந்துடும்."

அதைக் கேட்டபிறகு நான் சும்மா இருப்பேனா? அந்த அறைக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுத்தேன். கரண்ட் போனால் தாங்குவதற்கு பேட்டரி வைத்தேன். கம்பெனியில் ஒரு லைனில் ஆள் வேலை செய்கிறார் என்றால் சுவிட்சில் ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிடுவோம், "ஆள் வேலையில் இருக்கிறார், தொடாதே" என்று. தூக்கிப்போட்ட பழைய அட்டை ஒன்றைக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் பிளக்கில் கட்டினேன். அம்மா பெருக்கும்போது அதைப் பார்த்துவிட்டு, "யாரு உள்ள வேல செஞ்சிகினு கீறாங்க?" என்று கேட்டாள்.

"சர்வரு."

"எனக்கும் ஒண்ணு எழுதி கழுத்துல மாட்டிவுடு."

தம்பி என் போனில் இரண்டு பக்கம் வைத்துக் கொடுத்தான். ஒன்றில் சர்வர், டெஸ்க்டாப் என்று இரண்டு வரி இருக்கும். அங்கிருந்தே டெஸ்க்டாப்பைப் போடலாம், நிறுத்தலாம். இன்னொன்று வீட்டு ஆல்பம். அதில் போட்டோக்களுக்குப் பக்கத்தில் நம் நான்கு பேர் பெயரும் இருக்கும். யார் உள்ளே வந்திருக்கிறார்களோ அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. இல்லாவிட்டால் சாம்பல் நிறப் புள்ளி, கடைசியாக வந்த நேரம்.

இனி பாப்பாவுக்கு.

உன்னோடு லேபில் வேலை செய்தவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று நீ சொன்னாய். ஒடிசாக்காரர் என்றாய். என்னோடு வேலை செய்கிற ஒடிசா ஆட்கள் பத்துப் பேர் இருப்பார்கள். அவர்கள் டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்றதும் எனக்கு வேறு புத்தி வந்தது. அதை மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது? நீ பையை எடுத்துக்கொண்டு ஒடிசாவுக்குக் கிளம்பியபோது நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும்.

"போ. உன் ரூம ஸ்டோர் ரூம் ஆக்கிடறேன்."

போகாதே என்று சொல்ல வாயைத் திறந்தவன். அதுதான் வந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் மாதிரி, அன்று சாயங்காலமே பின்பக்கம் கிடந்த அலுமினிய ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து உன் பீரோவில் சாய்த்து வைத்தேன். உன் அறைக்குள் போன முதல் ஸ்டோர் சாமான் அது. கடைசிச் சாமானும் அதுதான். ஒன்றரை வருஷமாக அது அங்கேயே நிற்கிறது. பீரோவைத் திறக்க வேண்டுமானால் ஏணியை நகர்த்த வேண்டும் என்பதால் பீரோவை யாரும் திறப்பதில்லை.

உன் கல்யாணத்துக்கு அம்மாவும் தம்பியும் வந்தார்கள். எனக்கு ஷிப்ட் மாற்ற முடியவில்லை என்று சொல்லி அனுப்பினேன். அன்று எனக்கு வார விடுமுறை. வீட்டில்தான் இருந்தேன். தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன்.

அதன் பிறகு நீ அம்மாவோடு பேசும்போது அம்மா போனை என் பக்கம் நீட்டுவாள். "நல்லாருக்கீங்களாப்பா?" "நல்லா கீறேன்." அதற்குள் போன் திரும்ப அம்மா கைக்குப் போய்விடும். அம்மா ஓசூருக்குப் போனபிறகு அதுவும் இல்லை.

அம்மா போன மறுநாள் காலை எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வேலைக்குப் போகிற ரயில் ஆறேகாலுக்கு. ஐந்து மணிக்கே எழுந்து குளித்துவிட்டேன். காபி போட்டாயிற்று. பேச ஆள் இல்லை. உன் அறைக்குப் போய் டெஸ்க்டாப்பைப் போட்டு, செய்தி பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். கையிலிருந்த போனில் சும்மா ஆல்பத்தைத் திறந்தேன்.

உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி.

அந்த நேரத்தில் நீ எழுந்து, போனை எடுத்து, நம் வீட்டு ஆல்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். நான் நாற்காலியை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அசைந்தால் போய்விடுவாய் என்பதுபோல.

மறுநாளும் வந்தாய். அதற்கு மறுநாளும். நான் வேலைக்குக் கிளம்பும்போது டெஸ்க்டாப்பை நிறுத்திவிட்டு ரயிலில் போனைப் பார்த்தால் உன் புள்ளி சாம்பல் நிறமாக இருக்கும். நீயும் வேலைக்குக் கிளம்பிவிட்டாய் என்று நினைத்துக்கொள்வேன். சாயங்காலம் வந்து டெஸ்க்டாப்பைப் போட்டு, கை கால் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால் பச்சை. நீயும் வேலை விட்டு வந்திருப்பாய். ஞாயிற்றுக்கிழமை நான் ஏழு மணிக்குத்தான் எழுந்திருப்பேன். நீயும் ஏழு மணிக்கு மேல்தான் வருவாய். அப்பாவுக்கு ஞாயிறு லீவு என்று அவளுக்கு ஞாபகம் இருக்கிறது பார் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

நடுவில் இரண்டு நாள் ஓசூர் போய்விட்டு வந்தேன். அங்கே இருந்தபோது ஆல்பத்தைப் பார்க்கவே இல்லை. வீடு நிறைய ஆள் இருக்கும்போது யார் புள்ளியைப் பார்ப்பார்கள்?

உனக்காக போட்டோ எடுக்க ஆரம்பித்தேன். இதற்கு முன் நான் போட்டோ எடுத்ததெல்லாம் எரிந்துபோன கான்டாக்டர் சுவிட்ச், உருகின கேபிள் என்று ரிப்போர்ட்டுக்கு எடுத்ததுதான். இப்போது கவரைப்பேட்டைக்கு முன்னால் தண்ணீர் நிற்கிற வயலில் கொக்கு. எதிர்வீட்டு ஸ்கூட்டருக்கு அடியில் நாய் போட்ட நான்கு குட்டிகள். நம் தெருவில் புதிதாகத் தோண்டி, மூடாமல் விட்ட கால்வாய். அதன் மேல் பலகை போட்டு நடக்கிற பால்காரர். தினம் ஒன்று. காலையில் காபியோடு உட்கார்ந்து ஆல்பத்தில் போடுவேன். கீழே ஒன்றும் எழுத மாட்டேன். என்ன எழுதுவது?

ரயிலில் என்னோடு வருகிற ஃபிட்டர் ஒருவர், என்னைவிடச் சின்னவர், ஆந்திரா பக்கத்துக்காரர். நான் ஜன்னலுக்கு வெளியே போனை நீட்டுவதைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"இன்னா நைனா, கொக்கப் போயி புடிச்சிகினு கீற. கோழியப் புடிச்சாலும் கொழம்பு வெக்கலாம்."

"பொண்ணு பாக்கும்."

"ஏன், ஒடிசால கொக்கு இல்லியா?"

"கீது. இந்தக் கொக்கு இல்ல."

"பொண்ணு பேசுதா?"

"பேசல. பாக்குது."

"பாத்தா போதுமா?"

"இப்போதிக்கு போதும்."

அவர் அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை. ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

போதும் என்று நான் சொன்னது உண்மை. அதுதான் இதில் மோசமான பகுதி. எத்தனையோ தடவை உன் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அன்று சொன்னது தப்பு என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று. அப்புறம் ஆல்பத்தைத் திறப்பேன். பச்சை இருக்கும். தினமும் வருகிறாளே, அவள் மனதில் ஒன்றும் இல்லை, நாம் எதற்கு ஆறின புண்ணைக் கிளற வேண்டும் என்று போனை வைத்துவிடுவேன். எட்டு மாதம் அப்படியே போயிற்று.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் எங்களுக்கு அது பெரிய நாள் என்று உங்களுக்குத் தெரியும். மிஷின் எல்லாவற்றையும் நிறுத்தி, பேனல் போர்டைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்துப் பொரி கொடுப்போம். பொட்டு வைத்த மிஷினை அன்று யாரும் தொடக்கூடாது. தீயணைக்கிற பம்பு ஒன்றுக்கு மட்டும் விலக்கு. அதை நிறுத்த முடியாது. அதற்கு ஓடுகிறபடியே பொட்டு.

அம்மா இல்லாத பூஜை என்பதால் வீட்டில் நானே வைத்தேன். டெஸ்டர், கட்டிங் பிளேயர், அம்மாவின் மிக்ஸி, அப்புறம் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் முன்னால் சந்தனக் கிண்ணத்தோடு நின்று கொஞ்ச நேரம் யோசித்தேன். ஒரே பெட்டி, உள்ளே இரண்டு. ஒன்றுக்கு லீவு கொடுக்கலாம், இன்னொன்றுக்குக் கொடுக்க முடியாது. பம்பு ஞாபகம் வந்தது. டெஸ்க்டாப்பை நிறுத்தினேன். சர்வருக்கு ஓடுகிறபடியே பெட்டியின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தேன். மறுநாள் விஜயதசமி, அன்றும் லீவு என்று மாடிக் குடித்தனத்தைத் தொடவில்லை. ஆல்பத்தைப் போனிலேயே பார்த்துக்கொண்டேன்.

இரண்டு நாளும் நீ வரவில்லை.

முதல் நாள், வீட்டில் விருந்தாளிகள் இருப்பார்கள் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் சோறு இறங்கவில்லை. எட்டு மாதத்தில் ஒரு நாளும் தவறாதவள். அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"பாப்பாவுக்கு உடம்பு எதுனா சரியில்லியா?"

"நல்லாதான் கீறா. காலீல கூட பேசுனா. மாமியாரு போன்ல."

"ஏன் மாமியாரு போன்ல?"

"அவ போனு பக்கெட்டுத் தண்ணில வுழுந்து பத்து நாளாச்சி. ரிப்பேருக்குக் குடுத்துகீறா. உங்கிட்ட சொல்லலியா நானு?"

"பத்து நாளா? முந்தாநேத்து வரிக்கும் தெனம் ஆல்பத்துக்கு வந்தாளே."

"எங்க வந்தா? போனே இல்லன்றேன். நீ சாப்டியா மொதல்ல?"

சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை, பூஜையெல்லாம் முடிந்தது என்று டெஸ்க்டாப்பைப் போட்டேன். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை.

என் தொழிலில் ஒரு பழக்கம். எங்கே பழுது என்று தெரியாவிட்டால் யோசித்துக்கொண்டு நிற்கக்கூடாது. ஒவ்வொரு லைனாக நிறுத்திப் பார்க்க வேண்டும். எதை நிறுத்தினால் சத்தம் நிற்கிறதோ அங்கே இருக்கிறது. அப்படியே செய்தேன். டெஸ்க்டாப்பை நிறுத்தினேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். புள்ளி சாம்பலாயிற்று. போட்டேன். பச்சை. நிறுத்தினேன். சாம்பல். மூன்று தடவை செய்ய வேண்டும் என்பது எங்கள் கணக்கு, முதல் இரண்டு தற்செயலாக இருக்கலாம் என்று. மூன்றாம் தடவைக்கு எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் செய்தேன்.

பிறகு டெஸ்க்டாப்பில் கீழ் மூலையில் தெரிகிற சின்னச் சின்னப் படங்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். மேகம் மாதிரி ஒன்று இருக்கும், நான் தொட்டதே இல்லை. அதில் உன் பெயர். நீ இங்கே இருந்தபோது, வீட்டு ஆல்பம் தானாக டெஸ்க்டாப்புக்கு வந்து சேருகிற மாதிரி உன் பெயரில் போட்டு வைத்திருக்கிறாய். டெஸ்க்டாப் எழுந்ததும் அது உன் பெயரைச் சொல்லிக்கொண்டு சர்வரின் கதவைத் தட்டும். சர்வர் பச்சை காட்டும். ஒரு ஃபோல்டரும் இருந்தது. திறந்தேன். கொக்கு. நாய்க்குட்டிகள். பலகை மேல் பால்காரர். எட்டு மாதம் நான் ஒடிசாவுக்கு அனுப்பியதெல்லாம் அங்கே வரிசையாக இருந்தது. கீழ்க் குடித்தனத்திலிருந்து மாடிக் குடித்தனத்துக்கு. என் முழங்கைக்குப் பக்கத்தில்.

என் வீட்டில் என் மிஷினை நானே போட்டுவிட்டு, நீ வந்தாய் என்று உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

அன்று வேலைக்குப் போனேன். ஃபிட்டர் ஜன்னல் சீட்டை விட்டார். நான் போனை எடுக்கவில்லை. "கொக்கு போவுது நைனா" என்றார். "போவட்டும்" என்றேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தெரிந்தபிறகும் நாலு நாள் காலையில் டெஸ்க்டாப்பைப் போட்டு அந்தப் பச்சையைப் பார்த்தேன். பொய் என்று தெரிந்தே பார்த்தேன்.

ஐந்தாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவிடம் நம்பர் வாங்கி உன் மாமியாருக்குப் போன் செய்தேன். சம்பந்தியம்மாவோடு அதுதான் முதல் பேச்சு. எனக்குத் தெரிந்த இந்தியெல்லாம் கம்பெனி இந்தி. தூக்கு, இறக்கு, நிறுத்து, மெதுவாக. இதில் சம்பந்தியம்மாவிடம் எதைச் சொல்வது? "மே அப்பா" என்றேன், நான் அப்பா என்று. உன் பெயரைச் சொன்னேன். அவர் சந்தோஷமாக வேகமாக என்னென்னவோ சொன்னார். "தீரே தீரே" என்றேன், மெதுவாக என்று. கிரேன் ஆபரேட்டரிடம் கத்துகிற குரலிலேயே வந்துவிட்டது. அவர் சிரித்துவிட்டார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக, "டியூட்டி. ஷாம். போன்," என்றார். நீ வேலைக்குப் போயிருக்கிறாய், சாயங்காலம் போன் செய்வாய் என்று எடுத்துக்கொண்டேன். அந்தம்மாவை எனக்குப் பிடித்துவிட்டது. கல்யாணத்தில் பார்த்திருக்க வேண்டியவர்.

சாயங்காலம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது நீ கூப்பிட்டாய்.

"அப்பா? இன்னாப்பா, உடம்புக்கு எதுனாவா?"

"அதெல்லாம் இல்லம்மா. சும்மாதான் பண்ணேன்."

"நீங்க சும்மா பண்ண மாட்டீங்களே."

"ஆல்பம் பாக்கறியா?"

"எந்த ஆல்பம்?"

"தம்பி வெச்சிக் குடுத்தானே. ஊட்டு சர்வரு."

"அதுவா. இங்க வந்து போன் மாத்துனப்பவே போயிடுச்சுப்பா. பாஸ்வேர்டு மறந்துட்டேன். தம்பியக் கேக்கணும்னு நெனச்சி அப்டியே விட்டுட்டேன். ஏன், அதுல எதுனா பேஜாரா?"

"இல்ல. நல்லா ஓடுது."

உன் பக்கம் ஒரு ஆட்டோ போகிற சத்தம் கேட்டது. அப்புறம் நீ கேட்டாய், சிரித்துக்கொண்டேதான் கேட்டாய்.

"என் ரூமு ஸ்டோர் ரூம் ஆயிடுச்சாப்பா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எட்டு மாதமாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லியிருக்கலாம்.

"ஒரு ஏணி வெச்சிகீறேன்" என்றேன்.

"சரிப்பா. ஏணி வெக்கவும் எடம் வேணுமில்ல," என்றாய்.

"ட்ரெயின் வந்துடுச்சிம்மா."

வரவில்லை. இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. அந்தப் பன்னிரண்டு நிமிடமும் நான் பிளாட்பாரத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் சொல்லவில்லை. அக்கா பெயரில் டெஸ்க்டாப் உள்ளே வருகிறது என்று மட்டும் சொன்னேன்.

"ஒரே கிளிக்குதான்பா. அந்த மேகத்தைத் தொறந்து வெளியேறுன்னு குடுத்தா போயிடும். நானே இங்கருந்து எடுத்துடட்டா?"

"வேணாம். நானே எடுக்கறேன். நீ அக்காவுக்குப் புது பாஸ்வேர்டு அனுப்பிவுடு."

அவன் அனுப்பிவிட்டான் என்கிறான். உன் போனும் ரிப்பேராகி வந்துவிட்டதாம். பாப்பா, நான் அன்று சொன்னது தப்பு. கல்யாணத்துக்கு வராதது அதைவிடத் தப்பு. அன்று எனக்கு ஷிப்ட் இல்லை. இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது என்று அந்தப் பிளாட்பாரத்தில் தெரிந்துவிட்டது. அதனால் எழுதி ஆல்பத்தில் வைக்கிறேன். நீ எப்போது திறக்கிறாயோ அப்போது படி. திறக்காவிட்டாலும் சர்வரை நான் நிறுத்த மாட்டேன்.

மேலே இருப்பதை எழுதி முடித்தபிறகு செய்ததையும் இதில் சேர்த்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை மணி. ஏணியை எடுத்தேன். உள்ளே கொண்டுவந்த நாளில் கோபத்தில் எடை தெரியவில்லை போலிருக்கிறது. ஒரு ஆளாகத் திருப்புவதற்கு அறையில் இடம் போதவில்லை. ஒரு முனை மின்விசிறியில் இடித்தது, இன்னொரு முனை வாசற்படியில் சிராய்த்துச் சுண்ணாம்பு உதிர்ந்தது. பின்பக்கம் கொண்டுபோய், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் சுவரோரம் படுக்க வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் பீரோக் கதவில் ஏணி சாய்ந்திருந்த இடத்தில் இரண்டு கோடு. ஈரத்துணியால் துடைத்தேன். ஒன்று போயிற்று. ஒன்று போகவில்லை.

பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மேகத்தைத் திறந்தேன். வெளியேறு என்று கொடுத்தேன். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆம் என்றேன்.

போனில் ஆல்பத்தைப் பார்த்தேன். உன் புள்ளி சாம்பலாயிற்று. டெஸ்க்டாப் போட்டபடியே இருந்தது. பத்து நிமிடம் பார்த்தேன். சாம்பலாகவே இருந்தது. சரியாக வேலை செய்கிறது.